நான் வெட்டச் சொன்ன மரம்

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கதிர்வேலு மரத்தில் ஏறியபோது காலை எட்டு மணி இருக்கும். வகுப்பில் முதல் பாடம் நடந்துகொண்டிருந்தது. நான் கரும்பலகையில் பெருக்கல் கணக்கு எழுதியபடியே ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளும் அவரைத்தான் பார்த்தார்கள். கணக்கை யார் கவனித்தார்கள்?

கீழே இரண்டு ஆட்கள் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். மேஸ்திரி வேலை பார்க்கும் மண்டோர் குடையும் கையுமாக நின்று மலாயில் அதட்டிக்கொண்டிருந்தார். முதல் கிளை விழுந்தபோது வகுப்பறைப் பலகைத் தரை அதிர்ந்தது. பச்சை மரம் அறுபடும் வாசனை உள்ளே வந்தது. இன்றைக்கும் எங்கேயாவது மரம் அறுத்தால் நான் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

மூன்றாம் வரிசையில் கதிர்வேலுவின் மகள் சரசு உட்கார்ந்திருந்தாள். அவளை மட்டும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அவள் வெளியே பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சரசு, இனிமே உனக்கு இளைப்பே வராது, பாரு" என்றேன்.

மற்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். நான்தான் தட்டச் சொன்னேன்.

ஒரு கடிதம்

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். "டீச்சர், வாராவாரம் படிக்கிறேன். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் வாழ்க்கையில் ஒரு தப்புகூடச் செய்யாதவர் போலத் தெரிகிறதே" என்று. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசையில் குப்புறப் போட்டு வைத்திருந்தேன். யாரடா இவன், என்னிடம் குட்டு வாங்கியவன், எனக்கே மார்க் போடுகிறானே என்று.

நான்காம் நாள் கோபம் இறங்கிவிட்டது. அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. இந்த மரத்தின் கதையை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு வெளியே

எங்கள் பள்ளிக்கூடம் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. துத்தநாகக் கூரை, பலகைச் சுவர், நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டர் செய்யுள் நடத்தினால் இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் சேர்ந்து ஒப்பிப்பார்கள். தேக்கா சந்தைக்கு வரும் லோரிகள் இடம் கிடைக்காமல் எங்கள் வாசலில் வந்து நிற்கும். எஞ்சினை அணைக்க மாட்டார்கள். உறுமிக்கொண்டே நிற்கும்.

லோரிக்கும் எங்களுக்கும் நடுவில் அந்த மரம் இருந்தது. மலாய்க்காரர்கள் சேனா என்பார்கள். இரண்டு ஆள் சேர்ந்து அணைக்கிற பருமன். கிளைகள் கூரைக்கு மேலே படர்ந்திருந்தன. மத்தியானத்தில்கூட எங்கள் வகுப்பில் வியர்க்காது.

வருடத்தில் ஒன்றிரண்டு முறை ஒரே நாளில் மொத்தமும் பூக்கும். மறுநாள் காலையில் தெரு முழுக்க மஞ்சள். மீ நூடுல்ஸ் விற்கும் சீனத் தாத்தா திட்டிக்கொண்டே பானையை மூடி வைப்பார். ஹெட்மாஸ்டர் ஒருமுறை அந்தப் பூவில் வழுக்கி விழுந்தார். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, யார் யார் பார்த்தது என்று சுற்றிலும் பார்த்தார். பார்த்தவர்களுக்கெல்லாம் இரண்டு பக்கம் கையெழுத்துப் பயிற்சி கொடுத்தார். நான் பார்த்ததை அவர் கவனிக்கவில்லை, தப்பித்தேன்.

சரசு

கதிர்வேலு சாலை இலாகாவில் மரம் கழிக்கிற வேலையில் இருந்தார். தொழிலாளர் லைன் வீட்டில் ஒரே அறையில் குடும்பம். சரசு மூத்தவள். ஐந்தாம் வகுப்பு.

பெற்ற பிள்ளையைப் புகழக்கூடாது என்பார்கள். நான் பெறாத பிள்ளை, அதனால் புகழ்கிறேன். அவள் வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள், ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றுவாள். ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும், மேலே படிக்க வேண்டும், தாதியாக வேண்டும் என்பது அவள் ஆசை. நான் அதற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெண் பிள்ளை மேலே போய் நான் பார்த்ததே இல்லை. இவள் போவாள் என்று நிச்சயமாக நம்பினேன்.

இளைப்புதான் தொல்லை. வந்துவிட்டால் தோளைத் தூக்கிக்கொண்டு மேசையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்வாள். நெஞ்சுக்குள்ளே பூனை குறுகுறுப்பது போலச் சத்தம் வரும். நான் முதுகைத் தடவிக்கொண்டே நிற்பேன். அவள் முகம் சரியாகும்வரை எனக்கும் மூச்சு சரியாக வராது.

வெள்ளிக்கிழமைகளில்

அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை என்றால் பெண் பிள்ளைகள் எல்லோரும் தலை முழுகிவிட்டுத்தான் வருவார்கள். அரை ஈரத்தோடு இறுக்கிப் பின்னிய சடை. தலையில் ஈரம் நின்றால் சளி பிடிக்கும், சளி பிடித்தால் இளைப்பு வரும். இது எனக்கு என் அம்மா சொன்னது. அம்மா சொன்னால் வேதம்.

அதனால் நானே ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலைப் பிரார்த்தனை முடிந்ததும் தூபக்காலில் கரி பற்ற வைத்து, நல்ல கட்டிச் சாம்பிராணியாகப் பார்த்துத் தூளாக்கிப் போடுவேன். மேலே ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்ப்பேன். பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பின்னலை அவிழ்த்துக் கூடைமேல் முடியை விரித்து உட்கார வேண்டும். வகுப்பே கோயில் மாதிரி மணக்கும். வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சரசுவைத்தான் முதலில் கூப்பிடுவேன். இளைப்புக்காரப் பிள்ளை, அவளுக்குத்தான் ஈரம் முதலில் போக வேண்டும்.

"டீச்சர், நான் கடைசியா வரட்டுமா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நீதான் முதல்ல. வா, வந்து உக்காரு" என்றேன்.

அவள் அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். "எங்க வீடு ஒரே ரூம்பு டீச்சர். பொகை போட வழியில்ல. பள்ளிக்கூடத்துல நீங்க போடுறீங்கல்ல, அது போதும்னு விட்டுடுவேன்" என்றாள்.

கையெழுத்து

இளைப்புக்கு அந்தப் பூதான் காரணம் என்று முதலில் சொன்னது நான். பூ கொட்டிய ஒரு காலையில் மேசையில் மஞ்சள் தூள் படிந்திருந்தது, சரசு திணறினாள், நான் முடிவு கட்டிவிட்டேன். நான் முடிவு கட்டினால் பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது என்பார் என் கணவர்.

மரத்தை வெட்டச் சொல்லி இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். பெற்றோரைச் சாயங்காலம் வரச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். பூ விழுந்து சாக்கடை அடைக்கிறது என்று எதிர்க்கடை பாயும் ஒரு கையெழுத்துப் போட்டார். கதிர்வேலு மட்டும் பேனாவைக் கையில் வாங்காமல் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்கண்ணே."

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு இலைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது ரோட்டுப் பக்கத்து எலை. இது உங்க ஜன்னல் பக்கத்து எலை. தொட்டுப் பாருங்க. நான் தெனம் ஏறுறவன், எனக்குத் தெரியும். லோரிப் பொகையெல்லாம் அந்தப் பக்கத்து எலையிலேயே நின்னுடுது. மரம் போச்சுன்னா அம்புட்டும் பிள்ளைங்க மூஞ்சியிலதான்."

ஒரு இலையை விரலால் துடைத்துக் காட்டினார். விரல் கரியாக இருந்தது. இன்னொரு இலையைத் துடைத்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனிதர் எனக்குப் பாடம் சொல்கிறார். எனக்குச் சுருக்கென்றது.

"உங்களுக்கு மரம் முக்கியமா, பெத்த பிள்ளை முக்கியமா?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை வாங்கினார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இலைகளை நான் குப்பைக் கூடையில் போட்டேன்.

வெட்டுவதற்கு அவரையே அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மனுவைப் போட்டிருப்பேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வெயில்

மரம் போன மறு வாரமே கூரை கொதிக்க ஆரம்பித்தது. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். லோரிப் புகை நேராக உள்ளே வந்தது. பிள்ளைகள் இருமினார்கள். நான் என்ன செய்தேன்? தெருப்பக்கத்து ஜன்னல்களை இழுத்துச் சாத்தினேன்.

ஜன்னல் சாத்திய அறையில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி மத்தியானம்வரை நின்றது. புகை வீணாகவில்லை என்று சந்தோஷப்பட்டேன். அடிப்பாவி என்று என்னை நானே இப்போது திட்டிக்கொண்டு என்ன பயன்?

நாலைந்து வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, கூடையிலிருந்து எழுந்து தன் இடத்துக்குப் போன சரசு உட்காராமல் நின்றாள். மேசையைப் பிடித்தாள். உதடு ஊதா நிறமாக மாறியது. "டீச்சர்" என்று சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அப்படியே சரிந்தாள்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்ற ட்ரைஷாவில் ஏறினேன். ஓட்டியவர் வயதான சீனர். ஆஸ்பத்திரி என்றேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், மணியை அடித்துக்கொண்டே மிதித்தார். வழி முழுக்க அவள் நெஞ்சில் என் கையை வைத்திருந்தேன். மாரியம்மா, இந்தப் பிள்ளையைக் கொடு என்று வாய்விட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு இறங்கி வந்தது. எதனால் வந்தது என்று கேட்டவர்களுக்கு நான்தான் பதில் சொன்னேன். பள்ளிக்கூடத்து மரம், பூத்தூள் என்றேன்.

கதிர்வேலு வேலைச் சட்டையோடு ஓடி வந்தார்.

"மரந்தான் போயிடுச்சே டீச்சர். இன்னும் ஏன் வருது?"

"இத்தனை வருஷத் தூளு நெஞ்சுல தங்கிப்போச்சுண்ணே. லேசுல போகாது" என்றேன். எங்கிருந்து அந்தப் பதில் வந்தது என்று எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அவர் நம்பினார். படித்தவள் சொன்னால் நம்பத்தானே செய்வார்.

அடுத்த திங்கள் சரசு வரவில்லை. லைன் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என்னை உட்காரச் சொல்லி, அழுதுகொண்டே பேசினாள். "படிப்பா உசுரா டீச்சர்? நீங்களே சொல்லுங்க. புக்கிட் பாஞ்சாங்ல அவ அத்தை இருக்கு. கம்பத்துப் பக்கம், கிராமத்துக் காத்து நல்லது. அங்க அனுப்பிட்டோம். இனிமே பள்ளிக்கூடமே வேணாம்."

உயிர்தான் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஆறாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒரு வருடத்துக்கும் கொஞ்சம் மேல்தான் இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் இல்லாத மரத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

டாக்டரம்மா வந்த நாள்

ஒரு வருடம் கழிந்தது. பிள்ளைகளின் உடம்பைப் பரிசோதிக்க ஒரு டாக்டரம்மா வந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழ், குள்ளமான உருவம், பெரிய குரல். தற்செயலாக அன்று வெள்ளிக்கிழமை. கதவைத் திறந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போய் நின்று இருமினார்.

"ஆர் இந்தப் புகை போடுறது?"

நான் பெருமையோடு, "நான்தான் டாக்டர். பிள்ளைங்களுக்குச் சளி பிடிக்கக்கூடாதுன்னு" என்றேன்.

"முதல்ல ஜன்னலைத் திறவுங்கோ. நெஞ்சு பலவீனமான பிள்ளையளுக்கு இது நஞ்சு. இளைப்புக்குக் காரணம் இதுதான் எண்டு ஒண்டைச் சொல்லேலாது. ஆனா புகை மட்டும் ஆகவே ஆகாது. இங்க இளைப்புக்காரப் பிள்ளை ஆரும் இருந்தவையோ?"

"இல்லை" என்றேன்.

அவர் போன பிறகு அலமாரியிலிருந்து பழைய வருகைப் பதிவேட்டை எடுத்தேன். என் கையெழுத்து, என் சிவப்பு மை. சரசுவின் பெயருக்கு நேராக விரலை ஓட்டினேன். திங்கள்கிழமைகளில் 'வரவில்லை'. வெள்ளிக்கிழமைகளில் 'உடல்நலமின்றி மத்தியானம் வீடு சென்றாள்'. இரண்டு வருடமாக நானே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் எழுதி, மை காய ஊதியும் இருக்கிறேன். பூ கொட்டிய நாட்கள் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. வெள்ளிக்கிழமைகள் எத்தனை?

பிள்ளைகள் போன பிறகு ஒட்டுப்பலகைத் தடுப்பில் சாய்ந்து அழுதேன். அந்தப் பக்கத்திலிருந்து ஹெட்மாஸ்டர், "என்ன டீச்சர், உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

குழாயடி வரை

சரசுவுக்கு அப்போது பன்னிரண்டு வயது முடிந்திருக்காது. எங்கள் பள்ளியில் அதைவிட மூத்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தார்கள். ஒரு வருடம் போனது பெரிய விஷயமே இல்லை. சாம்பிராணிதான் காரணமாக இருக்கும், அதை நிறுத்திவிட்டேன், பிள்ளையை அனுப்புங்கள் என்று நான் போய்ச் சொன்னால் போதும். அவள் வந்திருப்பாள்.

போனேன். சனிக்கிழமை காலை. லைன் வீட்டுப் பொதுக் குழாயடியில் கதிர்வேலு கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாங்க டீச்சர். கோப்பி குடிச்சிட்டுப் போகலாம். சரசு நல்லாருக்கு. அங்க போனதுலேர்ந்து ஒரு தரம்கூட இளைப்பு வரலை. நீங்க சொன்னது சரிதான், அந்த மரந்தான். நான்தான் வெவரமில்லாம உங்ககிட்ட எதுத்துப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். இவருக்குத் தெரிந்தால் லைன் முழுக்கத் தெரியும், லைனுக்குத் தெரிந்தால் பள்ளிக்குத் தெரியும், வாத்தியாரம்மாவே பிள்ளைக்கு நஞ்சு வைத்தாள் என்பார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சரசுவின் படிப்பு அந்த நொடியில் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

"இந்தப் பக்கமா வந்தேண்ணே, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு" என்றேன். கோப்பிகூடக் குடிக்கவில்லை.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு பள்ளி விடுமுறைக்குப் பின் சொல்லலாம் என்று நினைத்தேன். சாம்பிராணியை மட்டும் நிறுத்திவிட்டேன். ஏன் டீச்சர் என்று கேட்ட பிள்ளைகளிடம், கரி கிடைக்கவில்லை என்றேன்.

கல்யாண மண்டபத்தில்

நாட்டில் என்னென்னவோ மாறிவிட்டது. கொடி மாறியது. லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். தெருவெல்லாம் மரம் நட ஆரம்பித்தார்கள். கதிர்வேலுவுக்கு வெட்டுகிற வேலை போய் நடுகிற வேலை வந்தது. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

ஒரு நாள் அவர் தாம்பாளத்தில் பத்திரிகை வைத்துக்கொண்டு வந்தார். சரசுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை துறைமுகத்தில் வேலை. "நீங்க வந்து ஆசீர்வாதம் பண்ணணும் டீச்சர். உங்களாலதான் அது உசுரோட இருக்கு" என்றார்.

போகாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். என் கணவர் விடவில்லை.

தாலி கட்டி முடிந்து, பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை இங்கிலீஷில் சரசரவென்று போட்டார். சரசு பேனாவை வாங்கித் தமிழில் எழுதினாள். அதே எழுத்து, ஐந்தாம் வகுப்பில் நான் பார்த்த அதே அழகான எழுத்து. அதற்குப் பிறகு அவள் எழுதவே இல்லையோ என்று தோன்றியது.

நான் பக்கத்தில் போய்க் குங்குமம் வைத்தேன். அவள் என் கையை விடவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து, "இவங்கதான் எங்க டீச்சர். நான் சொல்வேன்ல" என்றாள். பிறகு குரலைத் தணித்து என்னிடம் கேட்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா. ஆறாம் வகுப்புப் பரீட்சை நான் எழுதியிருந்தா பாஸ் பண்ணியிருப்பேனா?"

"பாஸ் என்ன பாஸ். நம்ம பள்ளிக்கூடத்துலயே நீதான் முதல்ல வந்திருப்பே."

அவள் முகம் அப்படி மலர்ந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சுக்குவேன். என்ன செய்யிறது டீச்சர், அந்த மரம் கெடுத்துடுச்சு லா."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாதஸ்வரக்காரர்கள்கூட அப்போது நிறுத்தியிருந்தார்கள்.

"ஆமாம்மா" என்றேன்.